விளக்கெண்ணெய் குடித்த பெல்ட்

காரின் எஞ்சின் மூடியைத் திறந்ததும் சுட்ட விளக்கெண்ணெயின் வாடை, எங்கள் பக்கத்தில் "கொட்டமுத்து எண்ணெய்" என்போமே அந்த வாடை, குப்பென்று மூக்கில் ஏறிய கணத்தில்தான் மாமன் காரின் நோய் எனக்குப் பிடிபட்டது.

மாமனுக்குச் சூலூர்ப் பக்கம் பருத்தி அரவை மில் இருந்தது, கார் இருந்தது, என் வயதில் வேலுச்சாமி என்றொரு மகனும் இருந்தான். பள்ளிக்கூடத்தில் எஞ்சின் படம் வரைந்து பரிசு வாங்கியவன் நான். காரின் முன் சீட்டில் எப்போதும் உட்கார்ந்தவன் அவன். பின்னால் கூடைகளோடு கூடையாகப் போகும்போதெல்லாம் அவன் பிடரியைப் பார்த்துப் பார்த்து என் வயிறு எரியும்.

அந்தக் கோடையில் கார் கொதிக்கத் தொடங்கியது. நாலு மைல் போவதற்குள் ரேடியேட்டரில் ஆவி சீறும். "ஞாயித்துக்கெழமை ஊட்டிக்குப் போறோம் கண்ணுகளா. கோளாறக் கண்டுபுடிக்கறவனுக்கு முன் சீட்டு" என்றார் மாமன்.

"ரேடியேட்டர்ல அடைப்புங்கப்பா" என்று வேலுச்சாமி முந்திக்கொண்டு, புளித்தண்ணீர் ஊற்றி அலசினான். கார் பழையபடியே கொதித்தது.

என் முறை வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்தேன். வாடையோடு இன்னொன்றும் தெரிந்தது: எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும், ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் காற்றாடி பாரவண்டி மாடு மாதிரி ஒரே நடையில் சுற்றியது. நிறுத்திவிட்டு அதன் இறகை விரலால் தள்ளினேன். காற்றாடி சுழன்றது, அதை இழுக்க வேண்டிய பெல்ட் அசையவே இல்லை.

"ஏன் மச்சான், பெல்ட்டுக்கு எண்ணெய் தேச்சுப்போட்டியா?"

"ஆமா! மில்லுல வாராவாரம் தேய்க்கறமல்லோ? தேச்சாத்தான பட்டை புடிக்கும்?"

மில்லில் ஒரே எஞ்சினிலிருந்து எல்லா மிஷினையும் இழுக்கும் பட்டை தோல். எண்ணெய் குடித்தால் இளகிச் சக்கரத்தைக் கவ்வும். காரின் பெல்ட் ரப்பர். எண்ணெய் பட்டால் வழுக்கும்.

"எம்பட மகன் காருக்குச் சனி நீராட்டு நடத்திப்போட்டான்! சீயக்காய் போட மறந்துட்டானாட்டம் இருக்குது" என்று மாமன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். சீயக்காய் போட்டே பெல்ட்டைக் கழுவிக் காயவைத்தோம். காற்றாடி இறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது.

ஞாயிற்றுக்கிழமை முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரமடை தாண்டியதும் மாமன் வண்டியை நிறுத்தி, "வேலு, நேர் ரோடுதான், நீ ஓட்டு வா" என்று ஸ்டீரிங்கைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். முன் சீட்டு என்னிடம்தான் இருந்தது. எரிச்சல் மட்டும் ஸ்டீரிங்குக்கு இடம் மாறியது.

வருஷங்கள் கழித்து, இப்போது பைக்காரா அருவியிலிருந்து கரண்டு வந்து, மில்லில் பட்டைகளும் எண்ணெய்க் கிண்ணமும் போய்விட்டன. ஒவ்வொரு மிஷினுக்கும் தனி மோட்டார். வேலுச்சாமி வாங்கியிருக்கும் புதுக் காரில் மட்டும் அதே பெல்ட். ரயில் கேட்டில் நின்றால் எஞ்சின் நிதானிக்கும், காற்றாடியும் கூடவே சோம்பும், கார் கொதிக்கும். மிஷினுக்குத் தனி மோட்டார் என்றால் காற்றாடிக்கு ஏன் கூடாது? பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் ஒன்றைச் செப்புக்கம்பி சுற்றிச் செய்து முடித்துவிட்டேன். நாளைக் காலையில் பொருத்திப் பார்க்கப் போகிறேன்.

"காரைக் கெடுத்துப்போடாத மச்சான்" என்கிறான் வேலுச்சாமி. கார் கொதிக்காமல் கேட்டைத் தாண்டினால், மேட்டுப்பாளையம் வரைக்கும் ஸ்டீரிங் என்னுடையது. அவனைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.