என் பல்லைப் பற்றி அவரிடம் கேட்டார்கள்

முசிறிப் பக்கத்தில் பிறந்தவள் நான். முழுக் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்றவள். இருபத்தாறு வயதுக்குள் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பறிகொடுப்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. எனக்கு வலது பக்கம் வலி வந்தது. காது வரைக்கும் இழுத்தது. கீழ்ப் பல் என்றுதான் நானே அவரிடம் சொன்னேன். சூடாகக் காபி குடித்தால் மேலேயும் சுரீர் என்றது. அதைச் சொல்லவில்லை.

டவுனில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். டாக்டர் கேட்டது வீட்டுக்காரரிடம்.

"எந்தப் பல்லுங்க?"

"கீழ, கடைசிக்கு முந்தினதுங்க."

புருஷன் பக்கத்தில் நிற்கும்போது வேற்று ஆளிடம் பெண்பிள்ளை பதில் சொல்வது அப்போது வழக்கமில்லை. நானும் பேசவில்லை. டாக்டர் தட்டிப் பார்க்கவில்லை, தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை. ஊசி போட்டார், பிடுங்கினார், பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார். எறிய மனம் வராமல் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

மரப்பு விட்டதும் அதே வலி. நாலு நாள் பொறுத்து மறுபடி போனோம். "பக்கத்துப் பல்லுக்குப் பரவிடுச்சுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு டாக்டர் கடைசிப் பல்லையும் பிடுங்கினார். அதுவும் சுருக்குப் பைக்குள் போனது. அதற்கும் வலி போகவில்லை. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான்.

"உனக்கு வலிக்கிறது பல்லா, பிடிவாதமா?" என்றார் வீட்டுக்காரர்.

மூன்றாம் முறை போனபோது டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே, "முன் பக்கமும் பரவியிருக்கு, எடுத்துடலாங்களா?" என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். இப்படியே போனால் ஒரு பக்கத் தாடையே காலி என்று தோன்றியது. எழுந்துவிட்டேன்.

"வேண்டாங்க. போதும்."

"உக்காரு. நாலு பேர் பாக்குறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"பாக்கட்டும். பல்லு எனக்குல்ல போவுது?"

ஸ்ரீரங்கத்தில் வயதான பல் டாக்டர் ஒருவர் இருப்பதாக அடுத்த வீட்டம்மா சொல்லியிருந்தார். நேரே போய் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

அந்த டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். எது பட்டால் வலிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று. வீட்டுக்காரர் வாயெடுத்தார்.

"நீங்க சித்த சும்மா இருங்கோ. அவளுக்குன்னா வலி?"

ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சை ஒவ்வொன்றிலும் வைத்தார். மேல் பல்லில் வைத்ததும் துள்ளிவிட்டேன். பிறகு சுருக்குப் பையிலிருந்த இரண்டையும் எடுத்து நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சொத்தையே இல்லையேம்மா. எதுக்குப் பிடுங்கிண்டே?"

"நான் பிடுங்கிக்கலீங்க. பிடுங்கினாங்க."

சொல்லும்போதே தெரிந்தது, அது பாதி உண்மைதான் என்று. கீழ்ப் பல் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது.

மேல் பல்லை அவர் பிடுங்கவில்லை. நாலைந்து தடவை வரச்சொல்லி, உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்து, மருந்து வைத்து அடைத்தார். ஒவ்வொரு தடவையும் என்ன செய்யப்போகிறார் என்பதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். வலி போயிற்று.

அந்தப் பல் இன்றும் இருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து மெல்லக் கீழே பல் இல்லை. தாங்க ஒன்றுமில்லாமல் வருஷத்துக்கு வருஷம் இறங்கி, இப்போது வெறும் ஈறில் வந்து இடிக்கிறது. வலது பக்கத்தில் சோறு மென்று அறுபது வருஷம் ஆகிறது.