கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்

செய்தி வந்தபோது நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா, வெளியே நான், ஒரு கையில் பூட்டு, மறு கையில் போன். கஹவத்தையில் உள்ள நம் ரப்பர் தோட்டத்திலிருந்து சரோஜா அக்கா பேசினார். "அம்மா போயிட்டாங்க தம்பி. காலையில எழுப்புனேன், எந்திரிக்கல." அவர் அம்மா என்றது, தன்னோடு இருந்த, நாம் எல்லோரும் ஆயம்மா என்று அழைத்தவரை. கேட்டபடியே பூட்டை அழுத்தினேன். அது விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். பிறகுதான் புத்தி வந்து, திறந்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு இரத்தினபுரியிலிருந்து கஹவத்தை பஸ்ஸில் ஏறினேன்.

இதை வாசிக்கும் நம் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேருக்குத் தொட்டில் ஆட்டியவர் ஆயம்மா. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அத்தனை வருடம் இருந்தார். பென்ஷன் எடுத்த பிறகு சும்மா இருப்பார் என்று பார்த்தால், தன் லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் இரண்டு வாங்குகளைப் போட்டு, கிழவன் கிழவிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்துக்கொண்டார். "பச்சப்புள்ளைக்கும் பழுத்த ஆளுக்கும் வித்தியாசம் என்னா? இவுங்களுக்குக் கோவம் கூட, அம்புட்டுதான்" என்பார்.

நம் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ரப்பர் பால் வெட்ட விடியுமுன் மலையேறுகிறவர்கள் நாம். நினைவு தப்பிய பெற்றவர்களைக் காம்பரா அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவோம். கொடுமை என்று நினைத்துச் செய்வதில்லை. ஓடையில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். தோட்டத்தில் இருந்தபோது நானும் பூட்டினேன். நான் ஒண்டிக்கட்டை. இரத்தினபுரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன், முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவன். அம்மாவோ விடிந்தால் போதும், பால்கத்தியைத் தேடி எழுந்துவிடுவார். வேலை நின்று பதினைந்து வருடமாகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

ஒரு நாள் பஸ்ஸுக்கு ஓடுகிறவனை ஆயம்மா வழியில் நிறுத்திக் கையை நீட்டினார். சாவிக்குத்தான். "பூட்டு களவாணிக்குத்தான் தம்பி, பெத்தவளுக்கு இல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருந்தாலும் கொடுத்தேன். அன்றிலிருந்து மூன்று வருடம் என் அம்மாவின் பகல்கள் அவரிடம் இருந்தன. அம்மா மலைக்குக் கிளம்பினால் தடுக்கமாட்டார். பால் ஏந்தும் சிரட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, லயத்துக்குப் பக்கத்திலுள்ள கிழட்டு ரப்பர் மரங்கள் வரை கூடவே போவார். "ரெண்டு மரத்தத் தடவிட்டு வந்தா மனசு ஆறிரும்" என்பார். ஆறத்தான் செய்தது. சீனி வருத்தக்காரர்களின் பாதங்களைத் தினமும் மடியில் தூக்கிவைத்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார். கிளினிக் கொப்பியை வாசிக்கத் தெரியாது, ஆனால் யாருக்கு எந்த நிற மாத்திரை எப்போது என்பதில் ஒரு நாளும் பிசகியதில்லை.

போன வருடம் இரத்தினபுரியில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து அம்மாவை அழைத்துப் போனேன். கல் வீடு, குழாய்த் தண்ணீர், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. பெருமையாக இருந்தது. சாமான் ஏற்றும்போது ஆயம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க சாவிய யாருகிட்ட குடுப்பீங்க?" பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அக்கா இருக்கிறார், எல்லாம் பேசியாயிற்று என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த அக்காவின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. முன்பின் அறியாதவர்களிடம் என் அம்மாவின் நிலையைச் சொல்ல எனக்குக் கூச்சம். மறுபடியும் பூட்டினேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வீடு திரும்பியபோது, கதவுக்கு உட்புறம் தரையில் பிஸ்கட் உடைந்து கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. அம்மா வெகுநாளைக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தார். "ஆயம்மா வந்தாங்கப்பா. கதவுக்கு வெளிய உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாங்க" என்றார். சரிம்மா, சரிம்மா என்றேன். பிஸ்கட்டைச் சிந்தியதற்குக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். என் வீட்டு டின்னில் இருந்தது கிரீம் கிராக்கர். தரையில் கிடந்தது மாரி பிஸ்கட். நாள் முழுக்கச் சாட்சிகளின் சொல்லை மொழிபெயர்க்கிறவன், அதைக் கவனிக்கவில்லை.

செத்த வீட்டில் அம்மா ஆயம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தடவிக்கொண்டே அதையே மறுபடி சொன்னார். "நம்ம வீடு வரைக்கும் வந்துட்டு உள்ள வராமலே போயிட்டாங்களே." நான் சும்மா இரும்மா என்றேன். சரோஜா அக்கா என்னைத் தனியே அழைத்தார். "நெசந்தான் தம்பி. ஒங்க அம்மாவப் பாக்கணும்னு தனியா பஸ் ஏறி வந்தாங்க. பூட்டிக் கெடந்துச்சாம். மத்தியானம் வரைக்கும் வாசல்ல இருந்து பேசிட்டு, கதவுக்கு அடியில பிஸ்கட்டத் தள்ளிட்டு வந்தாங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, வெக்கப்படுவீங்கன்னு."

ஆயம்மா அப்படி வந்துபோன பிறகும் மூன்று முறை தோட்டத்துக்குப் போய் ஆயம்மாவைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தேநீர் கொடுத்தார், அம்மாவின் பிரஷரைக் கேட்டார். பூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் இன்று இவ்வளவு வலிக்காது.

திரும்பி வந்த மறுநாள் காலை, எடுத்த பூட்டை மாட்டாமல் கீழே வைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அக்காவின் பெயர் குசுமா. சாவியை நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, அம்மாவை உள்ளே உட்காரவைத்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அன்று வந்த ஆயம்மாவுக்கு நாற்காலி போட்டு, பிளேன் டீ கொடுத்தது அவர்தானாம். போகும்போது ஆயம்மா அவர் கையைப் பிடித்து, இந்தப் பிள்ளை ஒரு நாள் சாவியைக் கொண்டுவந்து நீட்டும், அப்போது இல்லையென்று சொல்லிவிடாதே மகளே என்று கேட்டுக்கொண்டாராம். நான் வருவேன் வருவேன் என்று குசுமா அக்கா அதுவரை காத்திருந்திருக்கிறார்.

ஆயம்மாவை நினைக்க எனக்கு மிஞ்சியது அந்தப் பூட்டு. திறந்தபடியே வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். மாலையில் அம்மா அதன் பக்கத்தில் வந்து நிற்பார். வெளியே யாரையோ பார்த்து, "உள்ள வாங்க ஆயம்மா, கதவு தெறந்துதான் இருக்கு" என்பார். அங்கே யாருமில்லை என்று நான் இப்போது சொல்வதில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போடுகிறேன்.