குதிரைத்தண்ணிக்குப் போகும் வழி

முப்பத்தைந்து வயது வரை நான் கடலோரத்தில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. பிறந்தது இண்டூர். தர்மபுரியில் நில அளவை செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வரைபடம் போடுகிற வேலை. வத்தல்மலை ஊர்களை அளந்திருக்கிறேன். அங்கே பாறையில் ஒரு குறி வைத்தால் எத்தனை வருடம் கழித்துப் போனாலும் குறி அங்கேயே இருக்கும். நிலம் நகரும் என்பதைக் கோடியக்கரையில்தான் பார்த்தேன்.

எங்கள் நிறுவனத்துக்கு அந்த முனையை அளக்கும் ஒப்பந்தம் கிடைத்திருந்தது. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கரை அங்கே சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. கிழக்கிலும் தெற்கிலும் கடல். பின்னால் உப்பளமும் சேறும். மழைக்காலத்தில் சேற்று நிலம் நிறைந்துவிட்டால் முக்கால்வாசி தீவுதான். நடுவே மணல்மேடுகளின் மேல் பாலை மரங்களும் முள்ளும் பின்னிக் கிடக்கும் காடு. அதில் வெளிமான்களும், யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகளும் மேய்ந்தன.

எங்களுக்கு வழிகாட்ட உள்ளூர் மீனவர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். என் வயதுதான். தோளில் அடிபட்ட பிறகு கடலுக்குப் போவதை விட்டவர். பதினோரு நாள் நானும் அவரும் சேர்ந்து நடந்தோம். நான் கருவியை நிறுத்தி அளப்பேன். அவர் அந்த இடத்தின் பேரைச் சொல்வார். சங்கு மேடு, மூணு பாலை, பாய்மரத் திட்டு. காட்டுக்குள் நல்ல தண்ணீர் ஊறும் ஒரு பள்ளத்துக்குக் குதிரைத்தண்ணி என்று பேர். குதிரைகள் குடிக்கும் அதே ஊற்றில்தான் அவர் தெருப் பெண்களும் குடம் நிரப்பினார்கள்.

"இந்தக் குதிரையெல்லாம் எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க சார். கப்பல்ல வந்துச்சும்பாங்க, பழைய ஜமீன்ல விட்டதும்பாங்க. எங்க தாத்தாவுக்கே தெரியாது."

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தில் மிச்சமிருந்த செங்கல் குவியலையும் காட்டினார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது கடலிலிருந்து தள்ளி நின்றதாம். "இந்தப் பக்கம் தின்னுட்டு அந்தப் பக்கம் துப்புது சார்" என்று கடலைக் காட்டிச் சொன்னார். எல்லாப் பேரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் இருபத்து மூன்று.

வரைபடம் முடியும் சமயத்தில் எங்கள் மேற்பார்வையாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பேரு போடணும்னா ஒவ்வொண்ணுக்கும் ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரு கையெழுத்து வேணும். வாங்கிட்டு வந்தா போடு. இல்லன்னா வெறும் நம்பரப் போட்டு முடிச்சிடு" என்றார்.

மீனவரிடம் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவதாகச் சொன்னவர், போகும்போது திரும்பி நின்றார். "பேரோட மேப்புல ஏறிட்டா நல்லது சார். நாளைக்கு இப்படி ஒரு வழியே இல்லன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல."

அன்று சாயங்காலம் என் மனைவி போன் செய்தாள். "நாளான்னிக்கு கம்பைநல்லூருல எங்க அண்ணன் வூட்டு கிரகப்பிரவேசம். நீங்க இல்லாம நான் மட்டும் போயி நிக்கட்டுமாங்க?"

கையெழுத்து வாங்கி, பேர்களை ஏற்றி, சரிபார்த்துக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் ஆகும். எனக்கோ உப்புக் காற்றும் கொசுக்கடியும் போதும் போதும் என்று ஆகியிருந்தது. அன்றே உட்கார்ந்து இருபத்து மூன்று இடங்களுக்கும் எண்களைப் போட்டேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியில் மீனவரிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை. ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேசவில்லை.

ஆறு வருடம் கழித்து, நான் தர்மபுரி அலுவலகத்தில் இருந்தபோது அவர் கூப்பிட்டார். காட்டைச் சுற்றி வேலி வருகிறதாம். ஊர் மக்கள் நெடுங்காலமாகப் போய்வந்த வழிகளுக்கு அத்தாட்சி காட்டினால் அங்கெல்லாம் திறப்பு விடுவார்களாம்.

"நம்ம மேப்புல குதிரைத்தண்ணி இருக்குங்களா சார்? இங்க தேடினா கிடைக்கல."

"பதினேழுன்னு இருக்கும்ங்க" என்றேன்.

"வெறும் பதினேழுன்னா அது என்னன்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அலமாரியைத் துழாவி நோட்டை எடுத்துக்கொண்டு நானே கோடியக்கரைக்குப் போனேன். வழிகளைப் பற்றி விசாரணை நடத்திய அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இது உங்க சொந்தக் குறிப்பு. ஊர்க்காரங்க கையெழுத்து ஒண்ணுகூட இல்லையே. அப்பவே ஏன் வாங்கல?" என்றார். வேலை முடிந்துவிட்டது, கிளம்பிவிட்டேன் என்றேன். அந்த ஊற்று வழி எவ்வளவு காலமாக இருக்கிறது என்று சாட்சி சொல்லக்கூடிய இரண்டு பெரியவர்களும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். மற்றவர்கள் சொன்னதை வைத்து, கடற்கரைக்குப் போகும் இரண்டு வழிகளுக்குத் திறப்பு கிடைத்தது. குதிரைத்தண்ணி வழிக்குக் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. டீ வாங்கிக் கொடுத்தார்.

"அன்னிக்கு எட்டரை வரைக்கும் கடையில உக்காந்திருந்தோம் சார்" என்றார். "பெரியவங்க ரெண்டு பேரும் வேட்டி மாத்திக்கிட்டு வந்திருந்தாங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டீங்களோன்னு நான் இளநீர் வெட்டி எடுத்துக்கிட்டு ரூமுக்கு வந்தேன். பூட்டிக் கெடந்துச்சு."

நான் எதற்காகப் போனேன் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மைத்துனர் வீட்டு விசேஷம், மனைவி கூப்பிட்டாள் என்றேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே உறைத்தது. அவர் தலையாட்டினார். "சொந்தக்காரங்க விசேஷம்னா போகத்தானே வேணும்" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெரியவங்களக் கூட்டிக்கிட்டு முந்தின நாளே வந்திருப்பேன்."

அவர் தெருப் பெண்கள் இப்போது உப்பளச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு லாரித் தண்ணீருக்குப் போகிறார்கள். வேலி வேலைக்கு வந்த ஆட்கள் அந்த இடத்தைப் பதினேழு என்றே சொல்கிறார்களாம். கேட்டுக் கேட்டுத் தன் வீட்டிலும் அந்த எண்ணே வாயில் வருகிறது என்று போனில் சொன்னார். போன மாதமும் பேசினோம். காடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் பாலை மரங்கள் மட்டும் தெரிகின்றன என்றார்.