மேபல் டீச்சரோட சிவப்புப் பொட்டு

பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலருக்கு மேபல் டீச்சரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. எழுதிக் குடுத்துட்டேன். பொய் ஒண்ணும் எழுதலை. மிச்சத்தை இங்க சொல்றேன்.

என் பேரு உஷா. வீட்டுக்காரர் சுந்தரராஜனுக்கு ஃபிஜித் தீவுல, லவுத்தோக்கா சர்க்கரை மில்லுல இன்ஜினியர் வேலை. தொண்ணூத்தாறுல மதுரையை விட்டு அவர் பின்னாடியே நானும் வந்தேன். சவேனிப் பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைச்சது. மேபல் அங்க லைப்ரரி டீச்சர். என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவங்க, அதனால அக்கான்னு தான் கூப்பிடுவேன். கரும்பு வெட்டக் கப்பல்ல வந்தவங்க வம்சம், மெதடிஸ்ட் குடும்பம். அவங்க அப்பா சர்ச்சுல தமிழ்ல பிரசங்கம் பண்ணினவர். அதனால மேபலக்காவுக்குத் தமிழ் வரும், பழைய மெட்ராஸ் தமிழ். ஊர்ல மத்த எல்லார்கிட்டயும் ஃபிஜி ஹிந்தி தான். புருஷன் போய்ச் சேர்ந்துட்டார். ஒரே மகன் லியனார்ட் பிரிஸ்பேன்ல.

புத்தகம் பொறுக்கறதுல அந்த மனுஷியை அடிச்சுக்க இந்தத் தீவுல ஆள் கிடையாது. ஆஸ்திரேலியாவுல கழிச்சுப் போட்ட புத்தகமெல்லாம் எங்களுக்குப் பெட்டி பெட்டியா தானமா வரும். பனியில சறுக்கறது எப்படி, உங்க நாய்க்கு எப்படிச் சீவி விடறதுன்னு. பிரின்சிபாலுக்கு எல்லாத்தையும் அடுக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும், அவ்வளவுதான் கவலை. மேபலக்கா போட்டோ எடுக்கற வரைக்கும் பொறுத்திருந்துட்டு, முக்கால்வாசியை பஸ் ஸ்டாண்டு கடலைக்காரனுக்குப் பொட்டலம் மடிக்கக் குடுத்துடுவாங்க. நீதிக்கதை எல்லாம் முதல் ஆளா போகும்.

"நல்ல புஸ்தகம்னு பெரியவங்க சொல்றதெல்லாம் பெரியவங்களுக்குத்தான் நல்லது, உஷா" என்பாங்க. "படிக்கிற புள்ளையக் கேட்டா எல்லாமே நல்லாக்கீதுன்னு சொல்லும். அத நம்பக்கூடாது. பசியே இல்லாத புள்ள சாப்பிட்டா, அது சோறு."

அந்தப் பசியில்லாத புள்ளை தான் ஊர்மிளா. மூணாவது ஃபார்ம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, பதிமூணு வயசு. சவேனியில குத்தகை நிலத்துல கரும்பு போடற நாகையாவோட மூத்த பொண்ணு. வாயில்லாப் பூச்சி. புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடும்.

ஒருநாள் மேபலக்கா என் வகுப்பு வாசல்ல வந்து நின்னாங்க. "உன் மக்குல ஒண்ணு குடு, ஒரு பீரியடு தான்" அப்படின்னாங்க. என் வகுப்புல நாப்பத்திரண்டு பேர். நான் யோசிக்கவே இல்லை. ஊர்மிளா பேரைக் கூப்பிட்டேன்.

அக்காவோட வேலை எப்படின்னா, ஜன்னலோரம் பொண்ணை உட்கார வெச்சு, புதுப் புத்தகம் ஒண்ணைக் கையில குடுத்துட்டு, தான் ஏதோ எழுதற மாதிரி பாவனை பண்ணுவாங்க. காலைச் சொறிஞ்சா, கடிகாரத்தைப் பாத்தா, அந்தப் புத்தகம் கடலைக்காரனுக்கு. மணி அடிச்சும் தலை நிமிரலைன்னா, அது பாஸ். பொண்ணு கையில இருந்து அப்பவே வாங்கி, அட்டை போட்டு, புத்தகத்து முதுகுல ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிடுவாங்க. பாதிக் கதையில வாங்கிடுவாங்க. தலை நிமிரலைங்கறது தானே அவங்களுக்குத் தெரியவேண்டியது, அது தெரிஞ்சுபோச்சு.

ஒரு பீரியடு ஒரு வாரமாச்சு, ஒரு வாரம் ஒரு வருஷமாச்சு. எப்பவும் என் பீரியடு தான். என்கிட்டத்தான் தகராறு இருக்காதுன்னு அக்காவுக்குத் தெரியும்.

அடடா, அந்த லைப்ரரி எப்படி ஆச்சு தெரியுமா. சிவப்புப் பொட்டுப் புத்தகத்துக்குப் பசங்க அடிச்சுக்கிட்டாங்க. ரக்பி ஆடற தடியனுங்க பஸ்ஸுல உட்கார்ந்து படிச்சானுங்க. மத்த ஸ்கூல்ல இருந்து டீச்சருங்க வந்து பட்டியலை எழுதிக்கிட்டுப் போனாங்க. வட்டுகோலாவுல இருந்துகூட ஒருத்தர் மூணு பஸ் மாறி வந்தார். பொட்டு வெச்ச புத்தகம் பெரிய ஃபார்ம் பசங்களுக்குத்தான் முதல்ல போகும். ஊர்மிளா முறை வர்றப்போ வருஷமே முடிஞ்சிருக்கும். நல்ல கதைகளோட ஆரம்பம் ஒரு நூறாவது அதுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணுக்கும் முடிவு தெரியாது.

ரெண்டாயிரம், மே மாசம், தலைநகர் சுவாவுல, இந்தியர் பிரதமரா இருக்கக்கூடாதுன்னு சில பேர் துப்பாக்கியோட போய்ப் பார்லிமென்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. திறந்தப்போ பெஞ்செல்லாம் காத்தாடுச்சு. இருக்கிறவனெல்லாம் பாஸ்போர்ட்டும் கையுமா அலைஞ்சான். நாகையாவுக்குக் குத்தகை முடிஞ்சு, நிலத்தை விடச் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு வழி இருந்தது. ஆக்லாந்துல இருக்கற அவர் தங்கச்சி கம்லா சொல்லி அனுப்பிச்சிருந்தா: ஊர்மிளா நாலாவது ஃபார்ம் பரீட்சையில இங்கிலீஷும் கணக்கும் பாஸ் பண்ணட்டும், நான் கூப்பிட்டுப் படிக்க வைக்கறேன், அவ தலையெடுத்ததும் உங்களையும் ஒவ்வொருத்தரா இழுத்துக்கலாம். ரெண்டுல ஒண்ணு போனாலும் கிடையாது.

நாகையா ஸ்டாஃப் ரூமுக்கே வந்துட்டார். கால்ல செருப்புகூட இல்லை. எங்க ரெண்டு பேரையும் பாத்து, "டீச்சர்ஜி, அஞ்சு உசுரு இந்தப் பொண்ணு கையில இருக்கு" அப்படின்னார்.

அவர் போனதும் சொன்னேன், "அக்கா, இனிமே பொண்ணைக் கணக்குக்கு விட்டுருங்க."

"ரெண்டு பெட்டி வந்துகீது. முடிச்சுட்டு அனுப்பறேன். வேற எந்தப் புள்ளை கைக்கும் நம்பிக்கை இல்ல உஷா."

நான் சண்டை போட்டிருக்கணும். போடலை. ரெண்டு பெட்டிக்கு ரெண்டரை மாசம் ஆச்சு. ஆகஸ்ட் கடைசியில ஒருநாள், அக்கா ஊர்மிளா கையைப் பிடிச்சு என் வகுப்புல கொண்டு வந்து விட்டாங்க. முகமெல்லாம் கடுகடுன்னு இருந்தது. "இந்தா, வெச்சுக்க. கெட்டுப்போச்சு. எதைக் குடுத்தாலும் படிக்குது, நாய் சீவற புஸ்தகத்தைக் கூட. இனிமே இதால பிரயோசனம் இல்ல. கொட்டாவி விடற அந்த நேதன் பையன அனுப்பு."

பொண்ணுக்கு எதிர்லயே சொன்னாங்க. மத்தியான இடைவேளையில லைப்ரரி வாசல்ல போய் நின்னுச்சாம். "உன் வேலை முடிஞ்சது, போ" அப்படின்னு கதவைச் சாத்திட்டாங்க. கறிவேப்பிலையா எடுத்து ஓரமா வெச்சாச்சு.

பரீட்சைக்கு ரெண்டே மாசம். ஒண்ணரை வருஷத்துக் கணக்கு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. x-ஐப் பாத்து முழிக்குது. நான் என்ன பண்ணினேன்? பழைய கேள்வித்தாள் ஒரு கட்டு குடுத்து, வீட்ல போட்டுப் பாருன்னேன். பாஸ் ஆகப்போற முப்பது பேரைப் பாக்கறதா, இதைப் பாக்கறதா? தலையில தண்ணி தெளிச்சு விட்டுட்டேன்.

ரிசல்ட் வந்தது. இங்கிலீஷ் எண்பத்தி நாலு, பள்ளிக்கூடத்துலயே முதல். கணக்கு இருபத்தி ஏழு.

கம்லா தன்னோட இன்னொரு அண்ணன் கோவிந்தோட பையனைக் கூப்பிட்டுக்கிட்டா. நாகையா வீட்டுத் தகரத்தைக் கழட்டி லாரியில ஏத்திக்கிட்டு, லவுத்தோக்கா ஓரமா ஒரு புறம்போக்குல போய் நட்டார். ஊர்மிளா பதினஞ்சு வயசுல கார்மென்ட் ஃபேக்டரியில காலர் தைக்கப் போச்சு. மேபலக்கா அடுத்த மார்ச்சுல மகன்கிட்ட பிரிஸ்பேனுக்குப் போயிட்டாங்க. வழியனுப்பு விழாவுல பசங்க அழுதாங்க. நானும் தான்.

அங்கயும் அவங்களுக்கு நல்ல பேரு. பிள்ளைங்க படிக்கவேண்டிய புத்தகம்னு அவங்க பட்டியலைச் சின்னப் புத்தகமாவே போட்டாங்க. எனக்கு ஒண்ணு அனுப்பிச்சாங்க. முன்னுரையில ஒரு வரி: 'ஃபிஜியில் எனக்கு ஒரு மந்தமான சிறுமி கிடைத்தாள், எந்த வல்லுநரையும் விட அவளுடைய கொட்டாவி நம்பகமானது.' பேர் போடலை. பேர் ஞாபகம் இருந்துதோ என்னமோ. ஆனா பட்டியல் நல்ல பட்டியல், அதையும் சொல்லத்தான் வேணும். இன்னிக்கு வரைக்கும் அதுல இருந்து ஒரு புத்தகத்தைக் கழிக்கச் சொன்னா என்னால கழிக்க முடியாது.

ரெண்டாயிரத்து இருபதுல, ஜனவரி மாசம் அட்மிஷன் மேஜையில நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கை விரலெல்லாம் ஊசி குத்தின தழும்பு. ஃபாரத்துல தாயார் பேரைப் பாத்தப்புறம் தான் எனக்கு அடையாளம் தெரிஞ்சது. மகள் பேரு ப்ரியங்கா, ஒன்பதாம் வகுப்பு.

எனக்கு வாய் சும்மா இருக்கலை. "இப்போ லைப்ரரியைப் பெரிசாக் கட்டியிருக்கோம் ஊர்மிளா, பொண்ணு படிப்பா இல்ல?" அப்படின்னேன்.

"இவளைக் கணக்குல உட்கார வெச்சா போதும் டீச்சர். லைப்ரரிக்கு அனுப்பாதீங்க."

"மேபல் டீச்சர் பண்ணினது தப்பு தான்மா. நான் அப்பவே அவங்ககிட்ட சொன்னேன்."

ஊர்மிளா ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு முடிச்சு, பேனாவை மூடி என் பக்கம் வெச்சா. கோபமே இல்லை குரல்ல. ஹிந்தியில தான் சொன்னா, நிதானமா.

"மேபல் டீச்சருக்கு நான் வேணும்னு இருந்தது. கொஞ்ச நாளாவது இருந்தது. நீங்க தினம் என் பேரைக் கூப்பிட்டு அனுப்புவீங்களே, அப்போ உங்க முகத்துல ஒரு நிம்மதி வரும். கதவுகிட்ட திரும்பி, தினமும் அதைப் பாத்துட்டுத்தான் போவேன்."

அவ சொன்னது உண்மை. நான் ஃபாரத்துல முத்திரை குத்தி, ரசீதைக் கிழிச்சு அவ கையில குடுத்தேன்.