பூஸ்ட் முள்ளும் ஆமை டிரைவரும்

பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு ஆமை என்று பெயர் வைத்தது அந்த வேனில் ஏறும் பிள்ளைகள்தான். அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஒருநாள் யாரோ ஒரு பிள்ளை பின்சீட்டின் முதுகில் பேனாவால் ஆமை வரைந்து, ஓட்டுக்கு ஜன்னல்களும் கால்களுக்குச் சக்கரங்களும் போட்டு வைத்திருந்தது. மாலையில் சீட்டைத் துடைக்க வந்தவர், அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் ஓட்டும் விதம் அப்படி. பிரேக் போட்டால் பின்னால் இருக்கும் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் சாயக்கூடாது. இன்ஜின் குரலை உயர்த்துவதற்குள் அடுத்த கியருக்குப் போய்விட வேண்டும். "இன்ஜினை அழவிடாதே" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தலை நரைத்த பிறகும் விடவில்லை.

இப்படிப்பட்டவர் டர்போ வைத்த காரை வாங்கியதை நினைத்தால் அவர் மனைவிக்கு இன்றும் சிரிப்பு வரும். பழைய கார்கள் விற்கும் இடத்தில் வரிசையாக வெள்ளையும் சாம்பலுமாக நின்றவற்றின் நடுவில் இது மட்டும் கருநீலம். பானட்டின் மேல் காற்றுப் போவதற்கு ஒரு வாய் திறந்திருந்தது. அந்த வாயைப் பார்த்து மயங்கிப்போனவர்தான். வீட்டுக்கு, மகள் படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று வாழ்ந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கம்பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

அந்தக் காருக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

மகள் வாழப்போன வீடு ஒரு செங்குத்தான மேட்டின் உச்சியில் இருக்கிறது. கடைசி வளைவு வரை கார் ஒழுங்காக ஏறும். வளைவு தாண்டியதும் மூச்சு வாங்கும். இரண்டாவது கியரில் தலையை ஆட்டி, உடம்பெல்லாம் நடுங்கி, நின்றுவிடும். மனைவி இறங்கி, பைகளையும் இறக்கிக்கொண்டு நடப்பாள். பாரம் குறைந்த கார் முக்கி முனகி மேலே போய்ச் சேரும். மாடியிலிருந்து சம்பந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு ஜீப் உண்டு.

"கயிறு எப்பவும் ஜீப்புலயேதான் கிடக்கு சம்பந்தி. கூச்சப்படாம ஒரு போன் போடுங்க. இழுத்துட்டு வந்துடறேன்" என்பார், முகத்தில் அக்கறை வழிய.

போன தடவை நல்ல வெயில். வியர்த்துக் கொட்டி மேலே வந்த மனைவி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாள். "இன்னொரு தடவை நான் இந்த மேட்டுல நடந்து ஏறினா, அந்த வாரமே காரை வித்துடணும். என் முட்டி போச்சு."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தி பக்கத்தில் நின்று தலையாட்டும்போது வேறென்ன சொல்வது?

மனைவி வெறும் வாய்ச்சொல் பேசுகிறவள் இல்லை. ஆயத்த ஆடை கம்பெனியில் மோட்டாரில் ஓடும் பவர் தையல் மிஷினில் தைப்பவள். வேண்டாம் என்று ஒரு நூலை அறுத்துவிட்டால் திரும்ப முடிச்சுப் போட மாட்டாள். அடுத்த ஞாயிறு மகளுக்கு ஒரு தையல் மிஷின் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேஜையும் மோட்டாருமாக அதுவே ஒரு ஆள் கனம். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஆமை மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக்குக்கு விசில் என்று பெயர். எந்த வண்டியில் காற்றுக் கசிந்தாலும் அதே சுருதியில் விசிலடித்து, "இங்கதான் ஓட்டை" என்று விரலை வைப்பார்.

"இன்ஜின் நல்லாத்தாண்ணே இருக்கு. ஒரு பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டிப் பார்ப்போமா?" என்றார் விசில்.

"அப்படின்னா?"

விசில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் குழாய் மாட்ட மூக்கு, தலையில் திருகுவதற்கு ஒரு குமிழ். "புகை போற வேகத்துல டர்போ சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்குது இல்ல? காத்து அதிகமானா அது ஒரு சின்னக் குழாய் வழியா போய், புகை வெளியேற ஒரு கதவைத் திறந்துவிடும். டர்போ வேகம் குறைஞ்சுடும். நாம அந்தக் குழாயை வெட்டி நடுவுல இதை வைக்கிறோம். உள்ள ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கு. 'கொஞ்சம் பொறுப்பா, இப்பவே கதவைத் திறக்காதே'ன்னு காத்தை நிறுத்தி வைக்கும். குமிழை உள்ள திருகத் திருக இன்னும் கொஞ்சம் பொறுக்கும்."

"இன்ஜின் தாங்குமா?"

"அளவோட வெச்சா தாங்கும். ஆசைப்பட்டா வெடிக்கும்."

ஆசைப்படுவதில்லை என்று ஆமை உடனே ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் வேலை ஆரம்பமானது. மனைவியும் கூட வந்தாள். காரின் தலையெழுத்தை நேரில் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். விசில் குழாயை வெட்டினார். பித்தளையின் மேலிருந்த அம்புக்குறி சரியான பக்கம் பார்க்கிறதா என்று பார்த்து, இரண்டு முனையையும் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினார். ஸ்டியரிங் பக்கத்தில், காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான மீட்டர் ஒன்றையும் பொருத்தினார். குமிழை முழுக்க வெளியே தளர்த்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஏறுங்கண்ணே. ஓட்டிப் பார்த்துச் சரிபண்ணுவோம்."

"நீங்களே ஓட்டுங்க."

"ஊர்க்காரங்க வண்டியை நான் ரோட்டுல ஓட்டறதில்ல. யார் ஓட்டுவாங்களோ அவங்க காலுக்குத்தான் செட்டிங்." பின்சீட்டில் ஏறிய மனைவியைத் திரும்பிப் பார்த்து, "என்னக்கா, போடறவங்க உடம்புக்குத்தானே அளவெடுக்கணும்?" என்றார்.

"அளவெடுக்கறப்ப வயித்தை எக்கி நிப்பாங்க. அதையும் பார்த்துக்கணும்" என்றாள் அவள்.

கிடங்குகளுக்குப் பின்னால் நீளமான நேர்ச்சாலை ஒன்று உண்டு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு லாரிகூட இருக்காது. "மூணாவது கியர்ல நல்லா மிதிங்க" என்றார் விசில், மீட்டரில் கண் வைத்து. ஆமை மிதித்தார். முள் அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல் லேசாக அசைந்து படுத்துக்கொண்டது. விசில் இறங்கி, பானட்டைத் திறந்து, குமிழைக் கொஞ்சம் உள்ளே திருகினார். திரும்ப ஓட்டினார்கள். முள் அதற்கு மேல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். அப்போதும் இல்லை.

மறுபடி திருகப் போனவர் கையை எடுத்துவிட்டார். குழாய் முழுக்கச் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. அம்புக்குறியை மறுபடி பார்த்தார். விசிலடிக்க உதட்டைக் குவித்தார். அதே சுருதியில் அடிக்க எந்தக் கசிவுச் சத்தமும் கேட்கவில்லை.

"என் வாழ்க்கையில இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததில்லண்ணே" என்று சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஆமை இறங்கினார். காரைச் சுற்றி வந்து, பானட்டின் திறந்த வாயைத் தடவிக்கொடுத்தார்.

மனைவி பின்சீட்டில் இருந்தபடியே மெதுவாகச் சொன்னாள். "வண்டியில ஒண்ணும் இல்ல. இவர் மிதிக்கவே இல்ல."

"நல்லாத்தானே மிதிச்சேன்!"

"நான் உங்க செருப்பைத்தான் பார்த்துட்டிருந்தேன். பாதி தூரம் போகும், இன்ஜின் கொஞ்சம் சத்தம் போட்டதும் பயந்து மேல வந்துடும். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி."

விசில் எழுந்து வந்தார். "அக்கா, நீங்க ஓட்டுவீங்களா?"

"லைசென்ஸ் இருக்கு. பீரோவுக்குள்ள புடவைக்கு அடியில தூங்குது. இந்த வண்டியை இவர் தொடவிட்டாத்தானே?"

ஆமை சாவியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வேனில் ஒரு பிள்ளையை முதல்முறையாக ஏற்றி அனுப்பும் தாய்மார்கள் விழிப்பதுபோல் விழித்துவிட்டு, சாவியை நீட்டினார்.

பத்து வருஷமாக மோட்டார் மிஷினின் மிதியில் பழகிய கால் அது. நேர்த்தையல் வந்தால் முழுக்க மிதிக்கும், மூலை வந்தால் சட்டென்று எடுக்கும். முன்னால் நேராகக் கிடந்த சாலையைப் பார்த்ததும், மூன்றாவது கியரில், அந்தக் கால் தன் வழக்கப்படி அடிவரை போனது.

கார் ஒரு நொடி யோசித்தது. பிறகு பானட்டுக்குள்ளிருந்து காற்று சீறும் சத்தம் வந்தது. முள் துள்ளி எழுந்து மறுபக்கம் போய் நின்றது. பின்சீட்டில் இருந்த ஆமையின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த கணமே கார் விக்கல் எடுத்ததுபோல் ஒரு குலுக்குக் குலுக்கி இழுப்பை விட்டது.

"காலை எடுங்கக்கா! எடுங்க!" என்று விசில் கத்துவதற்குள் அவள் எடுத்துவிட்டிருந்தாள்.

"என்ன ஆச்சு? போச்சா?" என்று ஆமை பதறினார்.

"ஒண்ணும் ஆகல. காத்து அளவு மீறினா பெட்ரோலை நிறுத்திடற ஏற்பாடு உள்ளயே இருக்கு. அது முழிச்சிக்கிச்சு." விசில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அண்ணன் காலுக்கு அளவெடுத்துச் சட்டையைத் தெச்சுட்டேன், அக்கா போட்டதும் கிழிஞ்சுது."

குமிழை வெளியே தளர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இம்முறை அவள் ஓட்டினாள். கொஞ்சம் திருகு, ஓட்டு, முள்ளைப் பார், நிறுத்து. கார் கம்பெனி வைத்த அளவுக்குச் சற்று மேலே முள் போய் நிதானமாக நின்றதும் விசில், "இதுக்கு மேல ஆசை வேணாம்" என்று குமிழின் அடியில் இருந்த நட்டை இறுக்கினார்.

"ஒரு உண்மையைச் சொல்லட்டுமா?" என்றார் கையைத் துடைத்தபடி. "அக்கா ஓட்டினா இது இல்லாமலேகூட அந்த மேட்டை ஏறியிருக்கும், முக்கிக்கிட்டாவது. ஆனா குழாயை வெட்டியாச்சு. இருக்கட்டும், இப்ப சுகமா ஏறும்."

ஞாயிற்றுக்கிழமை தையல் மிஷினைப் பின்னால் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆமைதான் ஓட்டினார். இன்றைக்கு மிதித்துவிடுவது என்று வீட்டிலேயே முடிவெடுத்திருந்தார். இரவெல்லாம் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை மிதித்துப் பழகியதாக மனைவி பிறகு மகளிடம் சொன்னாள்.

மேட்டின் அடிவாரம் வந்தது. அங்கிருந்தே மேலே சம்பந்தி வீட்டு மாடி தெரியும். மாடியில் ஆளில்லை. கடைசி வளைவில் சம்பந்தி ஜீப்பை நிறுத்திவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராகவே நின்றிருந்தார்.

ஆமை மிதித்தார். இன்ஜின் குரலை உயர்த்தியது. உடனே அவர் கண் தானாகப் பின்சீட்டைப் பார்க்கும் கண்ணாடிக்குப் போனது. அங்கே பிள்ளைகள் இல்லை, துணி சுற்றிய தையல் மிஷின்தான் இருந்தது. ஆனாலும் கால் மேலே வந்துவிட்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் கால். ஏற்றம் தொடங்கும் முன்பே காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"என்ன?" என்றாள் மனைவி.

"நான் எத்தனை தரம் மிதிச்சாலும், பின்னால ஒரு வேன் நிறைய பிள்ளைங்க உக்காந்திருக்கு" என்றார். "இந்தக் காலு இனிமே மாறாது. நீ ஓட்டு."

"அவர் பார்த்துட்டு நிக்கிறாரே."

"பார்க்கட்டும். நீ நடந்து ஏறறதைப் பார்த்தாரு. ஓட்டி ஏறறதையும் பார்க்கட்டுமே."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடம் மாறினாள். முதல் கியரில் இன்ஜின் அழ அழ விட்டுப் பிடித்தாள். இரண்டாவதுக்கு மாற்றியதும் முள் எழுந்தது, காற்று சீறியது. வளைவில் காலை எடுத்தாள், திருப்பினாள், நேரானதும் மிதித்தாள். சட்டைக் காலரைச் சுற்றித் தைப்பதுபோல் இருந்தது. சம்பந்தி கயிற்றோடு ஓரமாக ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆமை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவருக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

சம்பந்தி ஜீப்பில் பின்னாலேயே வந்து சேர்ந்தார். "என்ன சம்பந்தி, டிரைவர் மாறிட்டாரா?"

"ஏத்தத்துக்கு அவ, இறக்கத்துக்கு நான்" என்றார் ஆமை. "உங்க ஜீப்பும் கொஞ்சம் இழுக்குற மாதிரி இருக்கே? எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. கூச்சப்படாம ஒரு போன் போடுங்க."

உள்ளே மகள் சிரித்தது வாசல்வரை கேட்டது.

சாயங்காலம் திரும்பும்போது சொன்னபடியே அவர் ஓட்டினார். தாழ்ந்த கியரில், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, மீட்டரின் முள் படுக்கையை விட்டு எழாமல் இறங்கினார். பின்னால் வந்த இரண்டு வண்டிகள் பொறுமையிழந்து முந்திப் போயின. மனைவியின் மடியில் மகள் கட்டிக்கொடுத்த குழம்பு டப்பா இருந்தது. மூடி சரியாக மூடவில்லை. அவள் தூங்கிவிட்டாள். கீழே வந்து சேரும்வரை அதிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.