கூரையில்லாத காருக்குக் குறுக்குக் கம்பி

சஸ்பென்ஷன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரில் கோளாறு. மீதிப் பேருக்குக் காரில் ஒரு கோளாறும் இல்லையே என்பதுதான் கோளாறு. நீங்களும் இந்த இரண்டாவது கட்சி என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். காரில் ஒரு கம்பியை மாட்டிவிட்டு, "வித்தியாசம் தெரியுது இல்ல?" என்று கூட வந்த நண்பனை நச்சரித்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

கவரப்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக எனக்கு ஒரு கடை இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் உதிரிப் பாகங்களைப் பரிசோதிக்கிறேன். ஏசி உண்டு, கேன்டீன் சாப்பாடு உண்டு, சண்டை போட வாடிக்கையாளர்கள்தான் இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று கடை போன பிறகுதான் தெரிந்தது.

மேசை மேல் கிடந்த கம்பி

கதிருக்கு வேப்பம்பட்டில் வீடு, காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. சம்பளம் முழுவதையும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கொட்டுகிறவர். பானெட்டைத் திறந்தால் இடது வலது சஸ்பென்ஷன் முனைகளை இணைத்து ஒரு கம்பி ஓடுமே, ஸ்ட்ரட் பார், அது வேண்டுமென்று காரை விட்டுவிட்டு நாஷ்டாவுக்குப் போனார். கம்பி அளவு சரியாக வரவில்லை. என் வெல்டர் முனிசாமி அதை மேசை மேல் போட்டுவிட்டு வேறு பிளேட் வெட்டிக்கொண்டிருந்தார். முனிசாமி என்னைவிட வயதில் மூத்தவர். வாயும் என்னைவிடப் பெரியது. அதற்குள் கதிர் திரும்பி வந்து, வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து, காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். நாங்கள் கத்தியது காதில் விழவில்லை.

ஒரு சுற்றுப் போய் வந்தவர் முகத்தில் கல்யாணக் களை. "அண்ணா, வளைவுல கயிறு கட்டி இழுத்த மாதிரி திரும்புதுண்ணா!" என்றார். முனிசாமி மேசையிலிருந்த கம்பியைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, இத்த வேற மாட்டுனா இன்னா ஆவும்னு நெனைச்சாலே பயமா கீதுபா."

அக்கா பஸ்ஸில் போனார்

நாசர் பாய்க்குப் பழவேற்காட்டில் இறால் வியாபாரம். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு, தன் ஆசைக்கென்று அவர் வாங்கியது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். செகண்ட் ஹேண்ட்தான். கூரையை மடக்கிப் பின்னால் வைத்துவிடலாம். இரண்டே சீட்டு, ஒன்று அவருக்கு, ஒன்று மனைவி ஜமீலா அக்காவுக்கு.

கூரை இல்லாத காரில் ஒரு சங்கடம் உண்டு. முன்பாதியையும் பின்பாதியையும் இழுத்துப் பிடிப்பதில் கூரைக்குப் பெரிய பங்கு. மூடியில்லாத அட்டைப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், எப்படி நெளிகிறதென்று. பள்ளத்தில் இறங்கினால் டாஷ்போர்டு ஒரு பக்கம் ஆடும், சீட்டு ஒரு பக்கம் ஆடும். வண்டி நடுவில் பிளந்துவிடும் என்று அக்கா பயந்துபோய், முதல் பயணத்திலேயே பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறவே இல்லை.

அடியில் கம்பி போட்டால் ஆட்டம் நிற்குமா என்று பாய் கேட்டு வந்தார். கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது என்று உள்ளதைச் சொன்னேன். பாவம், அதற்கே அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "போட்டுடுபா. அப்பவும் அவ ஏறலன்னா வித்துடுறேன். அவ உக்காராத காரு எனக்கு இன்னாத்துக்கு?"

கதவு மூடவில்லை

குறித்த நாளில் பாய் காரில் வந்தார். அக்கா பின்னாலேயே ஆட்டோவில் வந்தார். முனிசாமி காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கத் தொங்க, கம்பிகளைப் பொருத்தி போல்ட்டை இறுக்கிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. கூரையில்லாத காரைத் தூக்கினால் அதன் உடம்பு லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கோடேயே கம்பி பூட்டிக்கொண்டது. கீழே இறக்கினால் கதவு மூடவில்லை. அதுவும் அக்கா பக்கத்துக் கதவு. பாய் முகம் தொங்கிப்போனது.

போல்ட்டைத் தளர்த்தி, ஆள் இறங்கி அடியில் வேலை பார்க்கும் குழி மேல் காரை அதன் சக்கரங்களிலேயே நிறுத்தி, சீட்டில் ஆள் பாரத்தோடு இறுக்க வேண்டும். ஒரு சீட்டில் பாய் உட்கார்ந்தார். இன்னொன்றில் நான் உட்காரப் போனபோது, "தள்ளுப்பா, நிக்கிற வண்டிதானே" என்று அக்கா ஏறிவிட்டார். கீழே முனிசாமி போல்ட்டை இறுக்க, மேலே இருவரும் பேசத் தொடங்கினார்கள். சின்னவள் வீட்டுக்குப் பெயின்ட், பெரிய மருமகன் குறட்டை என்று எங்கெங்கோ போயிற்று. பாய் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை எப்போதோ முடிந்துவிட்டது; எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் காரை நகர்த்தினால்தான் முனிசாமி மேலே ஏறி வர முடியும். கடைசியில் குழிக்குள்ளிருந்து குரல் வந்தது: "பாய், நீங்க பேசிக்கினே இருங்க, என்னிய மட்டும் ஊட்டுக்கு அனுப்பிடுங்க!"

பழவேற்காடு ரோடு

இந்த முறை கதவு மூடியது. பாய் காரைக் குழியிலிருந்து நகர்த்தினார், அக்கா இறங்கவில்லை. இறங்கச் சொல்லவும் பாய்க்குத் தைரியமில்லை, ஓட்டவும் தைரியமில்லை. "பொன்னேரி வரைக்கும் போங்க, பாப்போம்" என்றார் அக்கா. மாட்டிய கம்பியை நம்பாமல் நான் பின்னாலேயே பைக்கில் போனேன். பொன்னேரியில் கார் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், நடுவில் அந்தச் சிவப்புக் கார், மேலே இரண்டு தலைகள். இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

பழவேற்காட்டில் போய்த்தான் நிறுத்தினார்கள். பாய் அக்காவைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். நான்தான் கேட்டேன், எப்படி இருந்தது என்று. அக்கா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். "பள்ளத்துல தூக்கிப் போடுறது அப்பிடியேதான் இருக்கு, அதுக்கு நீ ஒண்ணும் பண்ணல. ஆனா கண்ணாடியில பாத்தா, பின்னாடி வர்ற லாரி அப்ப ஆடி ஆடி மூணா தெரியும், இப்ப ஒண்ணாதான் தெரியுது. விக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லுப்பா."

சின்னச் சின்னக் கம்பிகளுக்குச் செலவு செய்வது வீணா என்று கேட்பவர்களிடம் நான் இப்போதும் திருப்பிக் கேட்பது, உங்கள் பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான்.