மூடியில் திரும்பி வந்த விரிசல்

படகுப் பட்டறையில் அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபைபர் படகுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், தலைமுடியைவிட மெல்லிய விரிசலையும் தேடிப்பிடித்து அடைப்பது அவர் வேலை. கண்ணால் பார்ப்பார், நகத்தால் தடவுவார், பென்சிலால் வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்கு வெளியே விரிசல் இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்கு வேட்டு வைத்தது ஒரு மூடி. சுற்றுலாப் படகின் முன்தளத்தில், சாமான் வைக்கும் பள்ளத்தின் மேல் இருக்கும் மூடி. ஏறி இறங்குகிறவர்கள் அதை மிதித்துத்தான் போகவேண்டும். அதன் மூலையில் சிலந்தி வலை போல விரிசல். வழக்கம்போல் அதைக் கீறி அகலப்படுத்தி, பேஸ்ட் அடைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் அதே விரிசல். மறுபடி அடைத்தார். மறுபடி வந்து நின்றது.

பேஸ்ட் பழசா? கலவை பிசகிவிட்டதா? அடைத்தோமா, அடைத்ததாக நினைத்துக்கொண்டோமா? தலையைப் பிய்த்துக்கொண்டார். பெயின்ட் அடிக்கக் காத்திருந்தவர் வேறு யாருமில்லை, சொந்த மருமகன். ஆஜானுபாகுவான ஆள், பூனை போலப் பேசுவார்.

"மாமா, இன்னைக்கு அடிச்சிடலாமா?"

"பொறுங்க மாப்பிள்ளை. இன்னும் முடியல."

மருமகன் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு நகர்ந்தார்.

மதியம் வீட்டில் மாமனார் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதுல கீறல் விட்டிருக்கா?"

"கீறலா? அது கொடி டிசைன்ங்க. வாங்குனப்பவே இருந்துச்சு," என்றாள் மனைவி.

அப்படியானால் மூடியில் பார்த்ததும் இல்லாத விரிசல்தானோ? கண் போய்விட்டது, அவ்வளவுதான். கண் போன பூதக்கண்ணாடியை யார் வைத்துக்கொள்வார்கள்? சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இனி இந்த வேலை என்னால் ஆகாது என்று முதலாளியிடம் தானே சொல்லிவிடுவது மரியாதை என்று பட்டது.

பட்டறையில் சாப்பாட்டு நேரத்து அமைதி. சுற்றுலாப் படகைத் தாண்டும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். மூடியின் நடுவில் சம்மணம் போட்டு, மடியில் டிபன் பாக்ஸோடு மருமகன். கையும் களவுமாக அகப்பட்டவர் பேயறைந்தது போல எழுந்தார். மூடி மறுபடி கிரீச்சிட்டது.

"தினமும் இங்கதான் சாப்பிடறீங்களா?"

"நிழலா இருக்கும் மாமா." குரல் உள்ளே போயிற்று. "என்னாலதான் விரியுதுன்னு நேத்தே தெரிஞ்சிடுச்சு. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. விரிசல் நிஜம்! கண் நன்றாகத்தான் இருக்கிறது! சந்தோஷத்தில் சிரிப்பதா, ஒரு வார்த்தை சொல்லாமல் தவிக்கவிட்டதற்கு ஏசுவதா என்று புரியாமல் நின்றார். மாப்பிள்ளையை ஏசவும் முடியாதே என்று சிரிக்கத்தான் ஆரம்பித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. நாளைக்குப் பத்துப் பேர் மிதிக்கப்போகிற மூடி, ஒருவர் உட்கார்ந்ததற்கே ஏன் விரிய வேண்டும்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி மல்லாந்து படுத்தார். "மாப்பிள்ளை, மூடியைப் போட்டுட்டு உட்காருங்க."

"வேண்டாம் மாமா..."

"அட, உட்காருங்க!"

மருமகன் உட்கார்ந்தார். மூடிக்கு அடியில், அதைத் தாங்கவேண்டிய மரச்சட்டம் பிடிப்பு விட்டு, விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. பேஸ்ட் கெட்டியாக இருந்து விரிசல் வராமல் இருந்திருந்தால், அதன் மேல் பளபளவென்று பெயின்ட் அடித்து அனுப்பியிருப்பார்கள்.

"கண்ணு போயிடுச்சுன்னு பயந்தேன் மாப்பிள்ளை," என்றார் இருட்டுக்குள்ளிருந்து. "இத்தனை நாளா அடியில குனிஞ்சே பார்க்கலையே நான்."

மேலேயிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது: "மாமா, நான் எழுந்திரிக்கலாமா?"